மெஷின் பத்திரம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். முன்பற்கள் பாதி போய்விட்டன, சொல் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வந்தது. சந்தேகமென்றால் எங்கள் மேலாளர் வெட்ஸலைக் கேளுங்கள். பெர்னிஸ் குலிக் வந்திருக்கிறாள் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னாலே, தலைவலி மாத்திரைக்காக மேசை இழுப்பறையைத் திறப்பார்.

பென்சில்வேனியாவில், ஷூல்கில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில், கார் பாட்டரி செய்யும் ஆலை அது. நான் பதினேழு வருடமாகச் சார்ஜ் அறையில் வேலை பார்த்தேன். சங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்கும் நான்தான் தலைவி, வேறு யாரும் முன்வராததால். அறையில் பதினான்கு நீள மேசைகள். மேசை நிறைய மூடி போடாத பாட்டரிகள், ஒவ்வொன்றிலும் கழுத்து வரை கந்தக ஆசிட். மின்சாரம் கொடுத்ததும் ஆசிட் கொப்பளிக்கும். அறை முழுக்கச் சோடா பாட்டில் திறந்த சத்தம். ஒவ்வொரு குமிழும் உடையும்போது துளி ஆசிட்டைக் காற்றில் தூவிவிட்டுப் போகும். அதற்கு நடுவில் இருபத்தாறு பேர், நாளுக்கு எட்டு மணி நேரம் நடந்துகொண்டிருப்போம்.

அந்த அறைக்குப் பருத்திச் சட்டை போட்டு வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சல்லடையாகிவிடும். பாலியெஸ்டரை மட்டும் ஆசிட் அவ்வளவு சீக்கிரம் தின்னாது. அதனால் மாதா கோயிலுக்குப் போட்டுப் பழசான பேன்ட்டுகளைத்தான் எல்லோரும் வேலைக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். மேலே ரப்பர் ஏப்ரன், கையில் ரப்பர் உறை. மாநிலத்திலேயே இஸ்திரி மடிப்புடன் ஆசிட் ஊற்றுகிறவர்கள் நாங்கள்தான்.

துணிக்கு வழி கண்டுபிடித்தோம், பல்லுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேசவோ சிரிக்கவோ வாயைத் திறந்தால் முன்பற்களுக்கு ஆசிட் குளியல்தான். முதலில் நுனி கண்ணாடிபோல் மெலியும், பிறகு தேயும். எங்களில் மோசம் எல்மர் ட்ரெக்ஸ்லருக்கு. வயது முப்பத்தெட்டு, ஆள் பீரோ மாதிரி இருப்பான். மேல்வரிசையில் நான்கு பற்கள் பாதிக்கு வந்துவிட்டன. ரொட்டியை வாய் ஓரத்தில் வைத்துத்தான் கடிப்பான். நஷ்ட ஈட்டுக்கு மனுப் போட்டான். ஆலையின் பல் மருத்துவர் அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் இனிப்புப் பானமான பிர்ச் சோடாவை நிறையக் குடிக்கிறான் என்று எழுதினார். மனு திரும்பி வந்தது. அறையில் நடந்த காற்று ஆய்வு சுத்தம் என்று சொல்கிறது, ஆகவே பல்லுக்கு ஆலை பொறுப்பல்ல என்று மேலே ஒரு வரி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்லலாம், அதற்கும் பல் வேண்டுமே!

நாங்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஆசிட் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் தகரக் கூண்டு ஒன்று. வெட்ஸல் முடியாது என்றார். விவகாரம் நடுவரிடம் போனது. வருடத்துக்கு ஒரு முறையாக மூன்று முறை காற்றை அளப்பது என்று அவர் தீர்ப்பு எழுதினார். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராம் ஆசிட் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. எந்த முறையாவது அதைத் தாண்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கூண்டு மாட்டும் வரை எங்களுக்கு வேறு பிரிவில் வேலை கொடுக்க வேண்டும். மூன்று முறையும் தாண்டாவிட்டால் கூண்டைப் பற்றிச் சங்கம் இனிமேல் வாயே திறக்கக் கூடாது.

முதல் வருடம் வந்ததிலேயே பெரிய எண் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. இரண்டாம் வருடம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது. மலைமேல் இருக்கும் மாதா கோயில் வாசலில்கூட அவ்வளவு சுத்தமான காற்று கிடைக்காது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அளக்க வந்தவர் கான்ஸ்டன்ஸ் ஏம்ஸ்லர் என்ற தொழிற்சுகாதார நிபுணர். ஐம்பது வயது, ஒட்டடைக் குச்சிபோல் உயரம், மென்மையான பேச்சு. வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பெட்டி டோனட் வாங்கி வருவார். இரண்டாம் வருடத் தாளைப் பார்த்ததும் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். "வெட்ஸல் குடுத்த டோனட்டா இது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஆய்வு 1984 அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு உடை மாற்றும் அறையில் பன்னிரண்டு பேருக்கு மிஸ் ஏம்ஸ்லர் கருவி மாட்டினார். இடுப்பு பெல்ட்டில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பம்ப். அதிலிருந்து தோள் வழியாக ஒரு ரப்பர்க் குழல். அதன் நுனியில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய், அது சட்டைக் காலரில் கிளிப்போடு நிற்கும். நாம் சுவாசிக்கும் காற்றையே அதுவும் இழுத்து, அதில் உள்ள ஆசிட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்கும் ஒன்று மாட்டினார். வழக்கம்போல அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"விலை ஜாஸ்திப்பா இது. பத்திரமா பாத்துக்கோங்க."

"பாத்துக்கறோம் மிஸ் ஏம்ஸ்லர்," என்றான் எல்மர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

எட்டு மணி இருக்கும். ஆறாம் மேசையில் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் எல்மர் ஆசிட் ஊற்றக் குனிந்தான். குனிவதற்கு முன்னால் காலரிலிருந்த கண்ணாடிக் குழாயை இரண்டு விரலால் எடுத்து, ஏப்ரனின் மார்புப் பக்கத்துக்குள் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினான். தூங்கும் குழந்தையைப் போர்த்துவது போல.

"எல்மர், என்ன பண்ற?"

"ஆசிட் ஊத்தறேன்."

"அது தெரியுது. குழாயை ஏன் உள்ள வெச்ச?"

"பின்ன? ஆசிட்டு பட்டா மெஷினு பாழாயிடும்ல. பாவம் அந்தம்மா, பத்திரமா பாத்துக்கச் சொல்லிருக்காங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எப்பலேருந்து இப்படி வெக்கிற?"

"மொத வருஷத்துலேருந்தே. எல்லாரும் அப்படித்தான வெக்கிறோம்? நீயும்தான்."

"நானா? உளறாத."

"குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். என் காலரில் கிளிப் இல்லை. குழாய் ஏப்ரனுக்குள், என் நெஞ்சுச் சூட்டில், சொகுசாகப் படுத்திருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் கை என்னைக் கேட்காமலேயே வைத்திருக்கிறது.

எங்கள் ஊர் பழக்கம் அப்படி. பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கினால் கழுவித் துடைத்து, உள்ளே நான்கு பிஸ்கட் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். அடுத்தவர் பொருளில் ஒரு கீறல் விழுந்தால் அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வராது. பெல்ட் பக்கிளையும் சாப்பாட்டு டப்பாவின் கைப்பிடியையும் தின்கிற அறைக்குள், பத்திரம் என்று சொல்லி ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தால் நாங்கள் வேறு என்ன செய்வோம்? எங்கள் மூக்கு வெளியே இருந்தது, அந்தம்மாவின் மெஷின் ரப்பருக்குள் பத்திரமாக இருந்தது. வெட்ஸல் ஏமாற்றுகிறார், நிபுணர் விலைபோய்விட்டார் என்று இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் என் விரலே என் கண்ணைக் குத்தியிருக்கிறது. வெட்கத்தில் காது எரிந்தது.

வெட்கப்பட நேரமில்லை. இது கடைசி அளவு. நேராகக் கேன்டீனுக்கு ஓடினேன். மிஸ் ஏம்ஸ்லர் ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அன்று புதுப் பருத்திச் சட்டை போட்டிருந்தார், நீலத்தில்.

"மிஸ் ஏம்ஸ்லர், இந்த அளவு செல்லாது. போன ரெண்டும் செல்லாது," என்றேன். ஏப்ரனுக்குள்ளிருந்து குழாயை எடுத்துக் காட்டினேன். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். "தப்பு எங்க மேலதான். போன வருஷம் டோனட்ட பத்தி நான் கேட்டது அத விடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குழாயைப் பிடித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு பேருமா?"

"பன்னெண்டு பேரும். ஒருத்தர்கூட விட்டு வைக்கல."

"அப்ப நான் எங்க இருந்தேன் பெர்னிஸ்?"

"இங்கதான். கேன்டீன்ல."

"ஆமா. காலையில மாட்டிவிடுவேன், சாயந்தரம் கழட்ட வருவேன்." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. "அந்த ரூம்ல நின்னா எனக்குத் தொண்டை எரியும். அதான் இங்க வந்து உக்காந்துடுவேன்."

"தொண்டை எரிஞ்சுது. அப்புறமும் காத்து சுத்தம்னு எழுதினீங்க?"

"மெஷின் சொன்னத எழுதினேன்."

"மெஷினுக்குத் தொண்டை இல்லையே, மிஸ் ஏம்ஸ்லர்."

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தபோது சாதுவாக இருந்தவர், நின்றதும் வேறு ஆளாகத் தெரிந்தார். "வாங்க, வெட்ஸல் ரூமுக்குப் போலாம்," என்றார்.

வெட்ஸல் விஷயத்தைக் கேட்டதும் இழுப்பறையைத் திறக்கவில்லை. சிரித்தார். அது இன்னும் மோசம்.

"ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு. வருஷத்துக்கு ஒரு ஷிஃப்ட்தான் கணக்கு. உங்க ஆளுங்க செஞ்ச தப்புக்கு நான் ஏன் இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்?"

"இன்னொரு ஷிஃப்ட் கேக்கல," என்றார் மிஸ் ஏம்ஸ்லர். பையிலிருந்து நடுவரின் தீர்ப்பை எடுத்தார். "இதே ஷிஃப்ட்தான். குழாய் உடைக்கு வெளியில, மூக்குலேருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும்னு இதுலயே இருக்கு. இதுவரைக்கும் ஓடின குழாயெல்லாம் தூக்கிப் போடறேன். புதுசு மாட்டறேன். இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல இருக்கு, அது போதும்."

"அவங்க குழாய ஆசிட்ல முக்கி எடுத்தா? அப்ப எண்ணு எகிறுமே."

"நான் அங்கயே நிக்கிறேன். ஷிஃப்ட் முடியற வரைக்கும்."

வெட்ஸல் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா என்னைத் திருடன்னு சொன்னியே பெர்னிஸ். இப்ப தப்பு யார் மேல?"

"எங்க மேல. எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்."

"பெர்னிஸ் குலிக் தப்ப ஒத்துக்கறா! காலண்டர்ல குறிச்சு வெக்கணும்."

"குறிச்சு வைங்க. பக்கத்துலயே எடம் விட்டு வைங்க, உங்களுக்கும் ஒரு தேதி வரும்."

கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளிலேயே கனமானது அதுதான். ஆனால் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கால் லேசாக இருந்தது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

எட்டே முக்காலுக்குப் புதுக் குழாய்கள் மாட்டியாயிற்று. நான் ஒரு மரப்பலகை அடுக்கின்மேல் ஏறி நின்றேன். கொப்பளிக்கும் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க! குழாய் வெளிய இருக்கணும். காலர்ல, மூக்குக்குக் கீழ. இன்னிக்கு யாராவது அந்த மெஷினக் காப்பாத்தினீங்க, தொலைச்சுடுவேன்!"

"ஆசிட்டு பட்டுச்சுன்னா?" என்று எல்மர் கவலையோடு கேட்டான்.

"படட்டும்! அதுக்குத்தான்யா அது இருக்கு!"

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டா நான் பாத்துக்கறேன் எல்மர்," என்றார் மிஸ் ஏம்ஸ்லர். "நீங்க ஒங்கள பத்திரமா பாத்துக்கோங்க. அன்னிக்கே இத சொல்லிருக்கணும்."

சொன்னால் போதுமா? பழகின கை கேட்குமா? குனியும்போதெல்லாம் ஒவ்வொருவர் கையும் தானாகக் காலருக்குப் போகும். "குழாய்!" என்று நான் ஒரு பக்கத்திலிருந்து கத்துவேன். "வெளிய!" என்று மிஸ் ஏம்ஸ்லர் மறுபக்கத்திலிருந்து கத்துவார். மென்மையாகப் பேசுகிற அந்தப் பெண்ணுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கெல்லாம் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதினொன்றரைக்கு இருமல் தொடங்கியது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்றேன். "ஆளுங்க போறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் போகவில்லை. யாரும் குழாயை ஆசிட்டில் முக்கவில்லை என்று, அரை மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு பெயருக்கு எதிரேயும் குறித்துக்கொண்டே நடந்தார்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. கழற்றும்போது பார்த்தோம், கிளிப்புகள் பன்னிரண்டும் துருப்பிடித்திருந்தன. எல்மர் தன்னுடையதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டவன்போல நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க, மிஸ் ஏம்ஸ்லர். கெட்டுப்போச்சு."

அவர் அதை வாங்கிக்கொள்ளாமல் தன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். புது நீலச் சட்டையில் முழங்கை வரை ஊசிக்குத்துப்போல ஓட்டைகள்.

"இந்த ரூம்ல நான் மொதமொதல்ல அளந்த அளவு இதுதான் எல்மர்," என்றார்.

குழாய்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் போயின. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் சாப்பிட்டது எனக்குத் தெரியாது. ரப்பருக்கு வெளியேயும் காற்று சுத்தம் என்று வந்துவிட்டால்? எல்லாம் பிர்ச் சோடாதான் என்று ஆகிவிட்டால்? தீர்ப்பின்படி இருபத்தாறு பேருடைய வாய்க்கும் பூட்டுத்தான், அதற்குமேல் தப்பு எங்களுடையது என்று என் கையெழுத்து வேறு. இரவல் கொடுத்த பாத்திரத்தைக் கேட்பதுபோல எல்மர் தினமும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்பான். தெரியவில்லை என்பேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் கேன்டீனில் கூட்டம். வெட்ஸல் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மிஸ் ஏம்ஸ்லர் நின்றுகொண்டே உறையைப் பிரித்தார். பீடிகை எதுவும் போடவில்லை.

"சட்டம் அனுமதிக்கிறது ஒண்ணு. இப்ப பேரப் படிக்கிறேன். எல்மர் ட்ரெக்ஸ்லர், மூணு புள்ளி நாலு."

எல்மர் மெல்லக் கையைத் தூக்கினான்.

"அது நல்லதா, கெட்டதா?"

"ரொம்பக் கெட்டது எல்மர்," என்றார் அவர். "வாழ்த்துக்கள்."

கூரை இடிந்து விழுந்ததுபோல் ஒரு கூச்சல். நாங்கள் சிரித்தோம், மேசையைத் தட்டினோம். இரண்டு பேர் எல்மரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அடுத்த பெயர், இரண்டு புள்ளி எட்டு. கூச்சல். அடுத்தது, இரண்டு புள்ளி ஒன்று. கூச்சல். எனக்கு இரண்டு புள்ளி ஆறு. பிங்கோ ஆட்டத்தில் எண் விழுவதுபோல ஒவ்வொருவரும் தங்கள் எண்ணுக்கு எழுந்து நின்றார்கள். பன்னிரண்டில் பதினொன்று வரம்புக்கு மேல். வாசலருகே பாட்டரிகளை எடை போடும் கெர்ட்ரூடுக்கு மட்டும் பூஜ்யம் புள்ளி எட்டு.

"எனக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று அவள் முகம் சுருங்கியது. "நானும்தான கஷ்டப்படறேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூன்று வருடமாக எங்கள் தொண்டைக்குத் தெரிந்தது, பல்லுக்குத் தெரிந்தது, இப்போது தாளுக்கும் தெரிந்துவிட்டது. மிஸ் ஏம்ஸ்லர் இன்னொரு தாளை எல்மரிடம் கொடுத்தார். "உங்க பல்லு மனுவ இதோட சேத்துத் திரும்பப் போடுங்க. அதுக்கு முன்னாடி வந்த என்னோட ரெண்டு அறிக்கையும் தப்புன்னு இதுல எழுதிருக்கேன். கூப்பிட்டா வந்து சாட்சியும் சொல்வேன்." எல்மர் அதை வாங்கிப் படித்தான். பிறகு இன்னொரு முறை படித்தான்.

வெட்ஸல் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. ஷிஃப்ட் முடியட்டும். நாளைக்கு எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பேசி..."

"தீர்ப்புல 'உடனே'ன்னு இருக்கு," என்றேன்.

"உடனேன்னா, பெர்னிஸ்..."

"உடனேன்னா உடனே. எலெக்ட்ரீஷியன் எதுக்கு? மெயின் சுவிட்சோட சிவப்புக் கைப்பிடி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சார்ஜ் அறைக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். கைப்பிடியை எல்மரை இழுக்க விட்டிருக்கலாம், அவனுக்குத்தான் எண் அதிகம். பெருந்தன்மையான பெண் யாராவது அப்படிச் செய்திருப்பாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு, கீழே இழுத்தேன்.

கொப்பளிப்பு ஒரேயடியாக நிற்காது. மேசை மேசையாக அடங்கியது. கடைசி மேசையும் அடங்கியபோது எல்மர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான். அவனுக்கு அந்த அமைதி பழக்கமில்லை, எனக்கும்தான்.

பதில் சொல்வதற்குள், பக்கத்தில் இருந்த வெட்ஸலின் கண்ணாடி அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது.

"ஆமாய்யா, கூண்டு! பதினாலு மேசைக்கும்! என்னது, வசந்த காலத்துலயா? யோவ், என் ஆலை நிக்குதுய்யா! எப்ப வேணும்னு கேக்கறியா? நேத்தே வேணும்!"